கட்டளை வரி: கெரி கில்டால் விட்டுச்சென்ற முதுசம்

2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் மின்னஞ்சல் பாவித்தவர்களில் பலருக்கு ஓர் 'அதிசயச் செய்தி' வந்துசேர்ந்திருக்கும். விண்டோஸ் கணனியில் புதிய கோப்புறையொன்றை உருவாக்கி, அதற்கு ஆங்கிலத்தில் சி, ஓ, என் ஆகிய மூன்று எழுத்துக்களைச் சேர்த்து 'கொன்' என்று பெயரிட்டுப் பாருங்கள், கணனி அப்பெயரை ஏற்காது, பில் கேட்ஸ் உட்பட மைக்ரோசொவ்ட் நிறுவனத்தில் எவராலும் இதற்கு விளக்கம் கூற முடியவில்லை என்று அச்செய்தி கூறியது. இதனைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர் என்ற பெருமிதமும் அதிலே சேர்க்கப்பட்டிருந்தது. பெயரிட்டுப் பார்த்தவர்கள் வியப்படைந்தனர். வியப்படைந்தவர்கள் தமக்குத் தெரிந்த பத்துப் பேருக்கு அதை அனுப்பிவைத்தனர்.

கணனி அப்பெயரை ஏற்க மறுத்தது உண்மை. விளக்கம் கூற எவராலும் முடியவில்லை என்பது கட்டுக்கதை. அந்த மூன்றெழுத்துப் பெயர் விண்டோஸ் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னர், கலிபோர்னியக் கரையோரத்துச் சிறு நகரொன்றில் எழுதப்பட்ட மென்பொருளில் இருந்து வழிவழியாக வந்த முதுசம். அந்த மென்பொருளை எழுதியவரின் பெயர் கெரி கில்டால். தனியாள் கணனியின் முன்னால் அமர்ந்து, கட்டளையைத் தட்டச்சுச் செய்து, அது நிறைவேறுவதைக் கண்ணாற் கண்ட முதற் தலைமுறையினருக்கு அந்த வசதியைச் செய்துகொடுத்தவர் அவரே. ஆனால், 'கறுப்புத் திரையும் கட்டளை வரியும்' என்றவுடன் உலகில் பெரும்பாலானோரின் நினைவுக்கு வரும் பெயர் அவருடையதல்ல. இது எவ்வாறு நேர்ந்தது என்பதை எடுத்துக்கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டெலிபிரிண்டரில் தொடங்கிய உரையாடல்

கட்டளை வரியைக் கில்டால் வெறுமையில் இருந்து உருவாக்கவில்லை. அதற்கென்று ஒரு நீண்ட மரபு ஏற்கனவே இருந்தது.

1950களில் கணனியுடன் மனிதன் நேரடியாகப் பேசவில்லை. துளையிட்ட அட்டைகளில் தனது நிரலைப் பொறித்து, அலுவலக யன்னலூடாகக் கையளித்துவிட்டு, மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ காத்திருந்து பெறுபேற்றைத் தாளில் வாங்கிச்செல்வான். ஒரு காற்புள்ளி தவறியிருந்தால் மீண்டும் வரிசையில் நிற்கவேண்டும். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பெர்னாண்டோ கொர்பாற்றோவும் அவரது சகாக்களும் 1961 நவம்பரில் வெள்ளோட்டம் காட்டிய நேரப்பகிர்வு முறைமை இந்த நிலையை மாற்றியது. ஒரே கணனியைப் பலர் ஒரே வேளையில், ஆளுக்கொரு தட்டச்சுப் பொறியின் முன்னால் இருந்து பயன்படுத்தலாம் என்பதை அது நிரூபித்தது. அந்த நிறுவகத்தில் அப்போது பணியாற்றிய லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர், பல கட்டளைகளை ஒரே கோப்பில் எழுதிவைத்து வரிசையாக நிறைவேற்றும் முறையொன்றை அமைத்தார். மனிதனின் கட்டளையை வாங்கி உள்ளே இருக்கும் முறைமைக்குக் கடத்தும் மேலுறைக்கு 'ஷெல்', அதாவது ஓடு, என்ற பெயரைச் சூட்டியவரும் அவரே.

அன்றைய கணனி ஆய்வுகூடங்களில் இருந்த தட்டச்சுப் பொறியை எமது பத்திரிகை அலுவலகங்களின் பழைய ஊழியர்கள் கண்டிருந்தால் உடனே அடையாளம் கண்டிருப்பார்கள். ரொய்ட்டர் போன்ற செய்தி முகவரகங்களின் செய்திகளை இரவு பகலாக உமிழ்ந்துகொண்டிருந்த டெலிபிரிண்டரின் நெருங்கிய உறவு அது. 1963இல் சந்தைக்கு வந்த டெலிடைப் 33 என்ற பொறி விநாடிக்குப் பத்து எழுத்துக்களை மாத்திரமே அச்சிடும். பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் 1969இல் யுனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கியபோது அவர்களின் முன்னால் இருந்தவை இத்தகைய பொறிகளே. யுனிக்ஸின் கட்டளைகள் பலவும் இரண்டெழுத்தில் அமைந்ததற்கும், கட்டளை வெற்றிகரமாக முடிந்தால் கணனி எதுவும் பேசாமல் மௌனமாக இருப்பதற்கும் இப்பொறிகளின் மந்தவேகம் ஒரு முக்கிய காரணம். தந்தி அனுப்பியவர்கள் சொற்களை எண்ணி எழுதியதைப் போன்றது இது.

ஆனால், இவையெல்லாம் பல்கலைக்கழகங்களுக்கும் பெருநிறுவனங்களுக்கும் சொந்தமான கணனிகள். சாதாரண மனிதனின் வீட்டு மேசைக்கு அவை வரவில்லை.

ஆளிகளும் மின்குமிழ்களும்

1975 ஜனவரியில் அமெரிக்க இலத்திரனியல் சஞ்சிகையொன்றின் அட்டையில் 'அல்டெயர் 8800' என்ற கணனியின் படம் வெளிவந்தது. இன்டெல் 8080 நுண்செயலியைக் கொண்ட அக்கணனியை உதிரிப்பாகங்களாக 397 டொலருக்கு வாங்கி வீட்டிலேயே பொருத்திக்கொள்ளலாம் என்று அறிவிக்கப்பட்டது. தனியாள் கணனியின் காலம் அதனுடன் ஆரம்பமாயிற்று என்று கூறுவது மிகையல்ல.

அந்தக் கணனிக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. முன்பக்கத்தில் வரிசையாக ஆளிகளும் சிறு சிவப்பு விளக்குகளும் மாத்திரமே இருந்தன. ஒவ்வோர் எண்ணையும் எட்டு ஆளிகளை மேலும் கீழுமாகத் தட்டி உள்ளே செலுத்தவேண்டும். மின்சாரம் நின்றால் செலுத்தியவை அனைத்தும் அழிந்துவிடும். டெலிடைப் ஒன்றை வாங்கி இணைத்தவர்கள் காகித நாடாவில் இருந்து நிரலை ஏற்றலாம். விநாடிக்குப் பத்து எழுத்து என்ற கணக்கில் நான்கு கிலோபைட் அளவான பேசிக் மொழியை ஏற்றுவதற்கு ஏழு நிமிடங்கள் வரை பிடித்தது.

இத்தகைய பொறியைக் கட்டளைக்குப் பணியும் கணனியாக மாற்றுவதற்கு இரண்டு விடயங்கள் தேவைப்பட்டன. ஒன்று, கோப்புக்களை வைத்திருக்கவும் விரைவாக எடுக்கவும் உதவும் மலிவான களஞ்சியம். மற்றையது, அக்களஞ்சியத்தை நிருவகித்து மனிதனின் சொல்லுக்குச் செவிசாய்க்கும் மென்பொருள்.

மொன்டெரேயின் ஆசிரியர்

கெரி கில்டால் 1942இல் சியாட்டில் நகரில் பிறந்தவர். அவரது குடும்பத்தவர்கள் அங்கே மாலுமிகளுக்கான கடற்பயணக் கல்லூரியொன்றை நடத்திவந்தார்கள். வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணனி விஞ்ஞானம் பயின்று 1972இல் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், கலிபோர்னியாவின் மொன்டெரே நகரில் உள்ள கடற்படைப் பட்டப்பின் கல்லூரியில் ஆசிரியராகக் கடமையாற்றினார். அங்கிருந்தவாறே இன்டெல் நிறுவனத்துக்கு ஆலோசகராகவும் பணிபுரிந்தார். அந்நிறுவனத்தின் நுண்செயலிகளுக்கென்று பி.எல்.எம். என்ற நிரல்மொழியை உருவாக்கிக்கொடுத்தவர் அவரே.

போக்குவரத்து ஒழுங்குக் கருவிகளுக்கும் கணிப்பான்களுக்குமே ஏற்றவை என்று பலர் கருதிய அச்சிறு செயலிகளைக் கொண்டு முழுமையான கணனியை இயக்கலாம் என்று கில்டால் நம்பினார். ஷூகார்ட் நிறுவனத்திடம் இருந்து நெகிழ்வட்டு இயக்கியொன்றைப் பெற்றுக்கொண்டார். ஆனால், அதனைக் கணனியுடன் இணைக்கும் மின்சுற்றை அமைக்க அவரால் இயலவில்லை. அப்பணியை ஜோன் டோரோட் என்ற அவரது நண்பர் செய்து முடித்தார். 1974இல், மொன்டெரேக்கு அருகேயுள்ள பசிபிக் குரோவ் என்ற சிறு நகரில், அந்த இயக்கி கில்டாலின் மென்பொருளுக்குப் பணிந்து இயங்கத் தொடங்கியது. அந்த மென்பொருளே 'சி.பி.எம்.'

திரையில் 'ஏ' என்ற எழுத்தும் அதன் வலப்புறத்தில் ஓர் அம்புமுனைக் குறியும் தோன்றும். 'ஏ' என்பது முதலாவது வட்டைக் குறிக்கும். 'உமது கட்டளை யாது?' என்று கணனி கேட்பதாக அதற்குப் பொருள். 'டிர்' என்று தட்டினால் வட்டில் உள்ள கோப்புக்களின் பெயர்கள் நிரையாக வரும். 'டைப்' என்று தட்டிக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் அதன் உள்ளடக்கம் திரையில் ஓடும். 'ரென்' என்பது பெயரை மாற்றும். 'எரா' என்பது அழிக்கும். புரியாத கட்டளையைக் கொடுத்தால், கொடுத்த சொல்லையே திருப்பி எழுதி அதன் முடிவில் ஒரு கேள்விக்குறியை இடும். அதற்குமேல் விளக்கம் கிடையாது.

இன்டெல் நிறுவனம் பி.எல்.எம். மொழியை ஏற்றுக்கொண்டதே தவிர சி.பி.எம்.மில் அக்கறை காட்டவில்லை. எனவே, கில்டாலும் அவரது மனைவி டொரதி மக்யூவனும் சேர்ந்து சொந்தக் கம்பனியொன்றை ஆரம்பித்தனர். அதற்கு அவர்கள் முதலில் வைத்த பெயர் 'இன்டர்கலக்டிக் டிஜிட்டல் ரிசேர்ச்'. நிரல் எழுதும் பணி கணவனுடையது. கொடுக்கல் வாங்கலும் உடன்படிக்கைகளும் மனைவியின் பொறுப்பு. 1976இல் சி.பி.எம். 70 டொலர் விலையில் தபால் மூலம் விற்பனையாயிற்று.

அதை வாங்கியவர் அன்றைக்கே தமது கணனியில் கட்டளை வரியைக் கண்டுவிடவில்லை. தபாலில் வந்த பொதியில் எட்டு அங்குல நெகிழ்வட்டும் கைநூல்களும் இருந்தன. ஒவ்வொருவரின் கணனியும் ஒவ்வொரு விதமாகப் பொருத்தப்பட்டிருந்த காலம் அது. எனவே, தமது கணனியின் விசைப்பலகையில் இருந்து எழுத்தொன்றை எவ்வாறு வாங்குவது, திரைக்கு எவ்வாறு அனுப்புவது, வட்டின் குறித்த பகுதியை எவ்வாறு வாசிப்பது என்பன போன்ற சிறு சிறு நிரல்களை அவர் தாமே எழுதிச் சேர்க்கவேண்டும். தமது கணனியின் நினைவக அளவுக்கு ஏற்ப முறைமையை இடம்பெயர்க்க ஒரு நிரலும், அதனை வட்டின் முதல் இரண்டு தடங்களிலும் பொறித்துவைக்க இன்னொரு நிரலும் கொடுக்கப்பட்டிருந்தன. இத்தனையும் பிழையின்றி நிறைவேறிய பின்னரே அந்த அம்புமுனைக் குறி திரையில் தோன்றியது.

இந்தச் சிரமத்துக்குள்ளேதான் கில்டாலின் மேதைமையும் அடங்கியிருந்தது. கணனிக்குக் கணனி மாறுபடும் பகுதியை மாத்திரம் அவர் தனியாகப் பிரித்தெடுத்து அதற்குப் 'பயொஸ்' என்று பெயரிட்டார். ஏனைய பகுதி எல்லாக் கணனிகளிலும் ஒன்றாகவே இருந்தது. அதனால், ஒரு கணனிக்கு எழுதப்பட்ட மென்பொருள் வேறொரு கம்பனியின் கணனியிலும் இயங்கியது. வன்பொருளைச் சாராத மென்பொருட் சந்தை என்ற ஒன்று தனியாள் கணனி உலகில் தோன்றுவதற்கு வழிவகுத்தது இந்தப் பிரிப்பே. பத்திரிகையாளர்களும் எழுத்தாளர்களும் நீண்டகாலம் விரும்பிப் பயன்படுத்திய 'வேர்ட்ஸ்டார்' 1978இல் வெளிவந்தது சி.பி.எம்.மிற்காகவே.

திருவண்ணாமலையில் வளர்ந்தவரின் கணனி

இவ்விடத்தில் தமிழ் வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டிய ஒருவர் அடம் ஒஸ்போன். 1939இல் பாங்கொக்கில் பிறந்த அவர், ரமண மகரிஷியின் அடியவரும் அவரைப் பற்றிய நூல்களின் ஆசிரியருமான ஆர்தர் ஒஸ்போனின் மகன். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் தந்தையைத் தடுத்துவைத்திருந்த வேளையில் அக்குடும்பம் திருவண்ணாமலையில் வாழ்ந்தது. அடமின் பிள்ளைப்பிராயம் தமிழ் மண்ணிலேயே கழிந்தது.

1981இல் அவர் வெளியிட்ட 'ஒஸ்போன் 1' கணனி ஏறத்தாழ 11 கிலோ நிறையுடையது. ஆயினும் பெட்டியைப்போல் மூடித் தூக்கிச்செல்லக் கூடியது. 1,795 டொலர் விலையில் கணனியுடன் சி.பி.எம்., வேர்ட்ஸ்டார் உட்படத் தேவையான மென்பொருட்கள் யாவும் சேர்த்தே வழங்கப்பட்டன. தபாலில் வந்த வட்டை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் போராடிய காலம் போய், வட்டைச் செருகியதும் கட்டளை வரி தோன்றும் காலம் வந்தது. 1983இல் அவரது கம்பனி வங்குரோத்து அடைந்தது. அடம் ஒஸ்போன் 2003 மார்ச்சில் கொடைக்கானலில் காலமானார்.

1980: பசிபிக் குரோவுக்கு வந்த விருந்தினர்கள்

உலகின் மிகப்பெரிய கணனி நிறுவனமான ஐ.பி.எம். 1980இல் தனியாள் கணனியொன்றை அவசரமாகத் தயாரிக்க முடிவுசெய்தது. மொழிகளுக்காக அவர்கள் மைக்ரோசொவ்ட்டை நாடினார்கள். இயங்குதளத்துக்குக் கில்டாலிடம் செல்லுமாறு அங்கிருந்து வழிகாட்டப்பட்டது. ஐ.பி.எம். தூதுக்குழு பசிபிக் குரோவுக்கு வந்த தினம் காலையில் கில்டால் தமது சிறு விமானத்தில் வாடிக்கையாளர் ஒருவரிடம் சென்றிருந்தார். அது தொழில் அலுவல். பேச்சுவார்த்தைகளை ஆரம்பிப்பது வழமையாகவே டொரதியின் பொறுப்பு. ஐ.பி.எம். நீட்டிய இரகசியக் காப்பு உடன்படிக்கை ஒருதலைப்பட்சமானது என்று கண்ட அவர், சட்டத்தரணியுடன் ஆலோசித்து, அதில் உடனடியாகக் கைச்சாத்திட மறுத்தார். பிற்பகலில் தாம் வந்து பேச்சுவார்த்தையில் கலந்துகொண்டதாகக் கில்டால் கூறினார். அவரைச் சந்தித்ததாக நினைவில்லை என்றார் ஐ.பி.எம். தரப்பின் ஜெக் சாம்ஸ். எவ்வாறாயினும் உடன்பாடு ஏற்படவில்லை.

அதே ஆண்டில் சியாட்டிலில் டிம் பெட்டர்சன் என்ற இளம் பொறியியலாளர் வேறொரு நெருக்கடியில் இருந்தார். அவர் பணியாற்றிய 'சியாட்டில் கொம்பியூட்டர் புரொடக்ட்ஸ்' என்ற சிறு கம்பனி, இன்டெலின் புதிய 8086 செயலிக்கான சுற்றுப்பலகையைத் தயாரித்திருந்தது. அதற்குரிய சி.பி.எம். வரும் வரும் என்று சொல்லப்பட்டதே தவிர வரவில்லை. பொறுமையிழந்த பெட்டர்சன் சில மாதங்களில் தாமே ஓர் இயங்குதளத்தை எழுதி, 'விரைவான, ஒழுங்கற்ற இயங்குதளம்' என்று பொருள்படும்படி 'கியூடொஸ்' என்று அதற்கு வேடிக்கையாகப் பெயரிட்டார்.

சி.பி.எம்.மின் கைநூலை வைத்துக்கொண்டு, அதன் மென்பொருட்கள் இலகுவாக மாற்றப்படத்தக்க விதத்தில் அவர் அதனை அமைத்தார். கில்டாலின் மூல நிரலைத் தாம் பார்க்கவில்லை என்று அவர் என்றுமே கூறிவந்திருக்கிறார். அவரது சொந்தப் பங்களிப்பும் குறைத்து மதிப்பிடத்தக்கதல்ல. வட்டில் கோப்புக்களை ஒழுங்குபடுத்தும் முறை சி.பி.எம்.மினுடையதில் இருந்து வேறுபட்டது. கட்டளைகளிலும் அவர் சீர்திருத்தம் செய்தார். சி.பி.எம்.மில் கோப்பைப் பிரதிசெய்ய 'பிப்' என்று தட்டி, போய்ச்சேரும் இடத்தை முதலிலும் புறப்படும் இடத்தைப் பின்னரும் எழுதவேண்டும். பெட்டர்சன் அதனைக் 'கொப்பி' என்று மாற்றி, 'இங்கிருந்து அங்கே' என்ற இயல்பான வரிசையில் அமைத்தார்.

மைக்ரோசொவ்ட் இந்த இயங்குதளத்தின் உரிமத்தை 1980 டிசம்பரில் 25,000 டொலருக்குப் பெற்றது. 1981 ஜூலையில் மேலும் 50,000 டொலரைக் கொடுத்து அதனை முழுமையாக வாங்கிக்கொண்டது. 1981 ஆகஸ்ட் 12ஆம் திகதி ஐ.பி.எம்.மின் தனியாள் கணனி வெளிவந்தபோது அதன் திரையிலும் 'ஏ' என்ற எழுத்தும் அம்புமுனைக் குறியும் ஒளிர்ந்தன.

ஒற்றுமையைக் கண்ட கில்டால் சட்ட நடவடிக்கை பற்றி எச்சரித்தார். அன்று மென்பொருளின் பதிப்புரிமை பற்றிய சட்டம் தெளிவற்றதாகவே இருந்தது. அவரது சி.பி.எம்.மையும் தனது கணனிக்கு விற்பதாக ஐ.பி.எம். உடன்பட்டது. கில்டால் இணங்கினார். ஆனால் விலைப்பட்டியல் வந்தபோது மைக்ரோசொவ்ட்டினுடையது 40 டொலர், சி.பி.எம். 240 டொலர். போட்டி தொடங்கும் முன்னரே முடிந்துவிட்டது. தனது மென்பொருளை ஏனைய கம்பனிகளுக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசொவ்ட் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்ததால், ஐ.பி.எம்.மைப் பின்பற்றிப் பிறர் தயாரித்த கணனிகளுடன் எம்.எஸ்.டொஸ் உலகெங்கும் பரவியது.

'பறக்கப் போய்விட்டார்'

இதன் பின்னர் நடந்ததே எம் போன்ற செய்தித்துறையினர் சிந்திக்கவேண்டிய விடயம். நூற்றாண்டின் மிகப்பெரிய வாய்ப்பு வாசலுக்கு வந்தபோது கில்டால் விமானத்தில் உல்லாசமாகப் பறந்துகொண்டிருந்தார் என்ற கதை பத்திரிகைகளிலும் நூல்களிலும் பரவியது. அசட்டையான மேதை, விழிப்பான வணிகன் என்ற இரண்டு பாத்திரங்களைக் கொண்ட அக்கதை வாசிக்கச் சுவையானது. ஒரே வரியில் சொல்லிவிடக்கூடியது. எனவே, ஒருவர் எழுதியதை மற்றொருவர் எடுத்தெழுதினார். ஆறேழு ஆண்டுகாலப் படைப்பு முயற்சி அந்த ஒரு வரிக்குள் புதைந்துபோயிற்று. கம்பனியின் ஒரு பாதியைத் தாங்கிநின்ற டொரதியோ, 'கையெழுத்திட மறுத்த மனைவி' என்ற அளவிலேயே நினைவுகூரப்பட்டார்.

கில்டால் வறுமையில் வாடியவரல்ல. செல்வந்தராகவே வாழ்ந்தார். கணனி பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றை இணைந்து நடத்தினார். இறுவட்டில் கலைக்களஞ்சியத்தை வெளியிடும் முயற்சியில் முன்னோடியாக நின்றார். 1991இல் தமது கம்பனியை நொவெல் நிறுவனத்துக்கு விற்றார். ஆயினும், அந்த 'விமானக் கதை' எங்கே சென்றாலும் அவரைத் துரத்தியது. 1992இல் அவர் பயின்ற பல்கலைக்கழகத்தின் கணனித்துறை ஆண்டுவிழாவில் பிரதான உரையாற்றுவதற்கு அழைக்கப்பட்டவர் பில் கேட்ஸ். அது அவரை ஆழமாகப் புண்படுத்தியது. தமது தரப்பைச் சொல்லும் நினைவுக்குறிப்புக்களை அவர் எழுதினார். ஆனால் அவர் உயிருடன் இருந்த காலத்தில் அவை நூலாக வெளிவரவில்லை. 1994 ஜூலையில், மொன்டெரேயில் தலையில் ஏற்பட்ட காயத்தைத் தொடர்ந்து அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 52.

2004இல் பிரபல பத்திரிகையாளர் ஹரல்ட் எவன்ஸ் அமெரிக்கப் புத்தாக்குநர்கள் பற்றி எழுதிய நூலில் கில்டாலுக்காக வலுவாக வாதாடினார். அது தம்மை அவதூறு செய்வதாகக் கூறி 2005இல் டிம் பெட்டர்சன் வழக்குத் தொடுத்தார். 2007இல் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஒரு கதையைத் திருத்துவதற்கு எழுதப்பட்ட நூல் நீதிமன்றம்வரை செல்லவேண்டியிருந்தது.

கணனி மறக்கவில்லை

மனிதர்கள் மறந்தாலும் கணனி மறக்கவில்லை என்பதற்கு அந்தக் 'கொன்' சாட்சியாக இருக்கிறது. கொன்சோல் என்பதன் சுருக்கமே அது. விசைப்பலகையும் திரையும் சேர்ந்த சாதனத்தைச் சி.பி.எம். அப்பெயராலேயே அழைத்தது. ஒரு கோப்பைக் 'கொன்' என்ற இடத்துக்குப் பிரதிசெய்தால் அது திரையில் தோன்றும். சாதனங்களையும் கோப்புக்களைப் போலவே பெயரிட்டு அழைக்கும் இவ்வழக்கம் பெட்டர்சனின் கைகளூடாக எம்.எஸ்.டொஸ்ஸுக்கும் அங்கிருந்து விண்டோஸுக்கும் வந்துசேர்ந்தது. பழைய மென்பொருட்கள் பழுதடையக்கூடாது என்பதற்காக அப்பெயர் எந்தக் கோப்புறைக்கும் வழங்கப்படாமல் ஒதுக்கிவைக்கப்பட்டது. அச்சுப்பொறியைக் குறிக்கும் 'பி.ஆர்.என்.', எதையும் விழுங்கிவிடும் 'நுல்' ஆகியவற்றுக்கும் இதே காரணம்தான்.

கணனியில் முதன்மையான வட்டு ஏன் 'சி' என்ற எழுத்தால் அழைக்கப்படுகிறது என்று இன்றைய மாணவர் எவரேனும் கேட்டால், அதன் விடையும் இங்கேதான் இருக்கிறது. வட்டுக்களுக்கு எழுத்துக்களைப் பெயராக இடும் வழக்கம் சி.பி.எம்.மினுடையது. 'ஏ', 'பி' இரண்டும் நெகிழ்வட்டுக்களுக்கு உரியவை. 1983இல் வன்வட்டுடன் ஐ.பி.எம். கணனி வந்தபோது மூன்றாம் எழுத்து அதற்குக் கிடைத்தது. நெகிழ்வட்டுக்கள் அருகிப்போய்விட்டன. முதலிரு எழுத்துக்களும், இறந்துபோன மூத்தோரின் ஆசனங்களைப்போல், வெறுமையாகவே விடப்பட்டிருக்கின்றன.

தமிழுக்கு இடமில்லாத திரை

இந்த முதுசத்தில் எமக்கு ஒரு குறையும் சேர்ந்தே வந்தது. ஐ.பி.எம். கணனியின் திரை 80 நிரல்களும் 25 வரிகளும் கொண்ட கட்டங்களாக வகுக்கப்பட்டிருந்தது. கட்டமொன்றுக்கு ஓர் எழுத்து. எழுத்துக்களின் மொத்தத் தொகை 256. ஒரே எழுத்தின் இருபுறத்திலும் கொம்பும் காலும் வந்து சேரும் தமிழ் போன்ற மொழியை மனதிற்கொண்டு வகுக்கப்பட்டதல்ல அந்த ஏற்பாடு. பிற்காலத்தில் விண்டோஸில் ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து உருவாக்கப்பட்ட பாமினி போன்ற எழுத்துருக்கள் இலங்கையில் பெருவழக்காயின. ஆனால், அவ்வாறு தட்டச்சிட்ட கட்டுரையைக் கட்டளைச் சாளரத்தில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தென்படும். 1991இல் வெளிவந்த யுனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆயினும், இன்றும் பல கட்டளைச் சாளரங்களில் எமது உயிர்மெய் எழுத்துக்கள் உடைந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியுமே தெரிகின்றன. டெலிபிரிண்டரின் சம அளவான கட்டங்கள் அறுபது ஆண்டுகள் கடந்தும் எம்மைக் கட்டுப்படுத்துகின்றன.

முடியாத கதை

1984இல் மக்கின்டோஷும், 1995இல் விண்டோஸ் 95உம் வந்தபோது கட்டளை வரியின் காலம் முடிந்துவிட்டது என்றே பலரும் எழுதினார்கள். சுட்டியால் தொட்டால் போதும் என்ற நிலையில் எழுத்தைத் தட்டுவதற்கு யார் விரும்புவார்கள்? ஆனால், நூறு கோப்புக்களின் பெயரை ஒரே கணத்தில் மாற்றவும், ஆயிரம் மைல்களுக்கு அப்பால் இருக்கும் சேவையகத்தைப் பழுதுபார்க்கவும் எழுதப்பட்ட கட்டளைக்கு நிகரான ஒன்று கண்டுபிடிக்கப்படவில்லை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், யுனிக்ஸின் கட்டளை மரபைச் சாதாரண மனிதரின் வீட்டுக்குக் கொண்டுவந்தது. கட்டளை வரியையே ஒதுக்கிவைத்த அப்பிள் நிறுவனம் 2001இல் யுனிக்ஸ் மரபில் வந்த இயங்குதளத்துடன் அதனை மீண்டும் தனது கணனிகளில் சேர்த்தது. மைக்ரோசொவ்ட் 2006இல் 'பவர்ஷெல்'லை வெளியிட்டது. 2016இல் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் கட்டளைகளை இயக்க வழிசெய்தது. அன்று வாரக்கணக்கில் செய்த பணியை, இன்று ஒரே ஒரு வரியைத் தட்டிச் சில நிமிடங்களில் நிறைவேற்றிக்கொள்ளலாம்.

2014 ஏப்ரலில் மின், மின்னணுப் பொறியியலாளர்களின் உலக நிறுவனம் பசிபிக் குரோவில், டிஜிட்டல் ரிசேர்ச் கம்பனி இயங்கிய கட்டடத்தின் முன்னால், சி.பி.எம்.மின் பிறப்பை நினைவுகூரும் பலகையொன்றைப் பதித்தது. அதே ஆண்டில் சி.பி.எம்.மின் ஆரம்பப் பதிப்புக்களின் மூல நிரலையும், 2016இல் குடும்பத்தினரின் இணக்கத்துடன் கில்டாலின் நினைவுக்குறிப்புக்களின் முதற் பகுதியையும் கணனி வரலாற்று நூதனசாலை வெளியிட்டது. அவர் இறந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின்னரே இவை நடந்தன. டொரதி 2005இலேயே காலமாகிவிட்டார்.

கட்டளை வரி தனியொருவரின் கண்டுபிடிப்பு அல்ல. கொர்பாற்றோவும் பூசானும் தொம்சனும் ரிச்சியும் வகுத்த வழியை, எளிய மனிதன் வாங்கக்கூடிய கணனிக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் கில்டால். அதனை வேறொரு செயலிக்குப் பெயர்த்தவர் பெட்டர்சன். அதனை உலகெங்கும் விற்றவர் கேட்ஸ். மூவருக்கும் உரியதை மூவருக்கும் கொடுப்பதே நியாயமான வரலாறு. விற்றவரை மாத்திரம் நினைவில் வைத்துக்கொண்டு ஆக்கியவரை ஒரு விமானப் பயணத்துக்குள் அடைத்துவிடுவது வரலாறாகாது. எமது பத்திரிகைத் தொழிலில், கேட்க இனிமையான கதை கையில் கிடைக்கும்போதே அதனை இரண்டாம் முறை விசாரிக்கவேண்டிய தேவை மிகுதியாக இருக்கிறது. அந்த விசாரணையைச் செய்யாமல் விட்டதன் விலையைச் செலுத்தியவர்கள் மொன்டெரேயைச் சேர்ந்த ஓர் ஆசிரியரும் அவரது மனைவியும்.